கோணல் மாம்பழம்

நீலகந்தைத் தோட்டம், மேல் டிவிஷன்,
யட்டியாந்தோட்டை.
20.01.1994

இயேசு, மரி, சூசை துணை.

பிரியமுள்ள அண்ணன் இருதயராஜுக்குத் தங்கச்சி மெட்டில்டா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மச்சான் டெனிசும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீங்கள், பிலோமினா மதினி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன்.

சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள். போன வெள்ளிக்கிழமை தோட்டத்து ஆபீசுக்குப் போய் வேலையாட்கள் பதிவிலிருந்து என் பேரை வெட்டச் சொல்லிவிட்டேன். கணக்கப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஏம்மா, புருசனோட சண்டையா? ஒருதரம் வெட்டுன பேரு திரும்ப ஏறாது, தெரியுமில்ல?” என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிக் கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டுவிட்டு வந்தேன்.

எல்லாம் உங்களால் வந்தது. நத்தார்ப் பண்டிகைக் கடிதத்தில் நீங்கள்தானே எழுதினீர்கள், கோட்டயத்துப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் மர அச்சை ரப்பர்ப் பாலில் முக்கிப் பலூன் செய்கிறார்கள், அங்கே கொஞ்ச நாள் கூலிக்கு நின்றேன் என்று? அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. தாத்தா காலத்திலிருந்து இந்த ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறோம். பால் லாரியில் ஏறி வளைவில் மறைவதைத்தான் பார்த்திருக்கிறோம். அந்தப் பால் என்ன ஆகிறது என்று நம்மில் ஒருவரும் பார்த்ததில்லை. திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து வருகிற பலூனை நம் பிள்ளைகள் அழுது அடம்பிடித்து வாங்குகிறார்கள். நம் பால் நமக்கே விலைக்கு வருகிறது அண்ணா!

நான் சின்னதாக நினைக்கவில்லை. ஒரு கொட்டகை, எட்டுப் பத்துப் பெண்கள், கொழும்பில் புறக்கோட்டைக் கடைகள் வரைக்கும் நம் பலூன். இதைச் சொன்னால் உங்கள் மச்சான் சிரிக்கிறார். சிரித்துவிட்டுக் கொட்டகைக்குக் கம்பு வெட்டப் போகிறார்.

செய்முறையை ஒன்று விடாமல் எழுதுங்கள். அச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
மெட்டில்டா


புனலூர்,
18.02.1994

அன்புத் தங்கச்சி மெட்டில்டாவுக்கு அண்ணன் ஆசீர்வாதம். மச்சானையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். எனக்குத்தான் கொஞ்சம் சளி, பனிக்காலச் சளி, பெரிதாக ஒன்றுமில்லை.

திட்டத்தான் உட்கார்ந்தேன், வாய் வரவில்லை. இந்தியப் பிரஜாவுரிமை என்று சொல்லி என்னைக் கப்பலேற்றி உன்னை அங்கேயே விட்டு இருபது வருசம் ஆகிறது. இரண்டு பேர் கையிலும் இன்னும் அதே பால்கத்திதான். அந்தப் பலூன்காரன் வீட்டில் நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றேன். நமக்கும் இப்படி ஒன்று இருக்கலாமே என்று ஒருநாளாவது எனக்குத் தோன்றியதா? இல்லை. உனக்கு ஒரு கடிதத்திலேயே தோன்றிவிட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குச் செருப்பு இல்லை என்று அழாமல், டயர் அறுத்துத் தா என்று வந்து நின்றவள்தானே நீ.

கேட்டுக்கொள். பாலை மரத்தடியிலேயே அமோனியா விட்டு எடு. ஆசிட் பட்ட வாளியைக் கிட்டேயே கொண்டுவராதே, பால் உறைந்துவிடும். துணியில் வடிகட்டு. கலக்க வேண்டிய மருந்துகளின் பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், கொழும்பில் கிடைக்கும். அச்சை மெதுவாக முக்கி மெதுவாகத் தூக்கு, அவசரப்பட்டால் குமிழ் விழும். கொஞ்சம் காய்ந்ததும் வாயை விரலால் சுருட்டிவிடு. அப்புறம் நன்றாகச் சூட்டில் காயவைத்து, சுண்ணாம்புத் தூள் தடவி உரித்தெடு.

அச்சை நானே செதுக்கி அனுப்புகிறேன். நம் கோயில் கிறிஸ்மஸ் குடிலில் இன்னும் நான் செதுக்கின ஒட்டகம்தானே நிற்கிறது?

அண்ணன்,
இருதயராஜ்


நீலகந்தை,
09.04.1994

பிரியமுள்ள அண்ணனுக்கு, நாங்கள் சுகம். சளி விட்டதா? கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் போட்டுக் குடியுங்கள் என்று மதினியிடம் சொல்லவும்.

ஒட்டகம் நிற்கிறது. ஒரு காது போய்விட்டது. உங்கள் அச்சு வரும்வரை கடைத்தெரு தச்சரிடம் கடைசல் பிடித்த அச்சில் செய்துபார்க்கிறேன்.

பாலுக்கு என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். தோட்டத்துப் பாலைத் தொட்டால் நேரே பொலிசுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் பொடிமெனிக்கே என்று ஒரு சிங்கள அம்மா இருக்கிறார், இரண்டு ஏக்கர் ரப்பர் சொந்தம். அவரிடம் விலைக்கு வாங்குகிறேன். முதல் நாளே தோட்டத்துக் காவல்கார வாச்சர் பாதையில் மறித்துவிட்டான். தோட்டத்து லயத்தில் இருக்கிற ஆள் கையில் பால் வாளி இருந்தால் அது திருட்டுப் பால்தான் என்பது இங்கே சட்டம் மாதிரி. காசு கொடுத்துப் பால் வாங்குகிற லயத்துப் பொம்பளையை அவன் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. வாளியோடு என்னை ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டான். என்கூடப் பால்வெட்டினவர்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் வேலை முடிந்து போனார்கள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பொடிமெனிக்கே செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். துரை, கணக்கப்பிள்ளை, வாச்சர் என்று பார்க்கவில்லை. “ஏ மகே கிரி!” என்று சிங்களத்தில் ஒரே சத்தம். என் பால், என் மரத்துப் பால், இந்தத் தங்கச்சி காசு கொடுத்து வாங்கினாள், உனக்கு என்ன என்று கேட்டார். துரையே எழுந்து வெளியே வந்து பார்த்தார். பிறகு போகச் சொன்னார்கள்.

கடைத்தெருவில் ஃபேன்சிக் கடை வைத்திருக்கிற கபூர் நானா, ஜூன் மாதம் அந்தோனியார் திருவிழாவுக்கு என் பலூனை எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். “மெட்டில்டா, புள்ளைக்கு வெடிச்சா ஒங்கிட்டதான் அனுப்புவேன்” என்று சிரிக்கிறார். இதோடு இரண்டு பலூன் வைத்திருக்கிறேன். நீங்களே ஊதிப் பார்த்துக் குறை எழுதுங்கள். இங்கே எல்லோரும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்கிறார்கள், எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

மெட்டில்டா


புனலூர்,
10.05.1994

அன்புத் தங்கச்சிக்கு, எல்லோரும் சுகம்.

பலூன் வந்தது. ஊதிப் பார்த்தோம். ஒன்று வாய்ப் பக்கம் மெலிசு, கிழிந்தது. மற்றது அருமை, மூன்று நாள் கூரையில் தொங்கியது. என் தங்கச்சி செய்தது என்று குடியிருப்பில் எல்லோருக்கும் காட்டினோம்.

அங்கே மழை பிடித்திருக்குமே. ஈரத்தில் பலூன் காயாது, கவனம். அச்சு கொஞ்சம் தாமதம் ஆகும். கோபிக்காதே.

இருதயராஜ்


நீலகந்தை,
22.06.1994

அண்ணனுக்கு,

நாங்கள் உடம்புக்குச் சுகம். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

திருவிழாவுக்கு முந்தின மூன்று வாரமும் விடாத மழை. கொட்டகையில் முக்கிவைத்த பலூன் எல்லாம் பிசுபிசு என்று ஒட்டிக்கொண்டு நின்றது. கபூர் நானா ஆள் மேல் ஆள் அனுப்புகிறார். என்ன செய்வேன்? பொடிமெனிக்கே வீட்டில் ரப்பர் ஷீட் காயவைக்கிற புகைக்கூடம் இருக்கிறது. அதில் ஏற்றிவிட்டேன். ரப்பர் காய வேண்டும் என்றால் புகைக்கூடம்தான். அதைச் சந்தேகப்படுகிற தோட்டத்து ஆள் உண்டா? எனக்கும் தோன்றவில்லை, உங்கள் மச்சானுக்கும் தோன்றவில்லை, பொடிமெனிக்கேயே விறகு அடுக்கிக் கொடுத்தார்.

காய்ந்தது. நன்றாகவே காய்ந்தது. சிவப்புப் பலூனும் மஞ்சள் பலூனும் ஒரே தவிட்டு நிறமாக வந்தன. சரி, நிறம்தானே என்று கடைக்கு அனுப்பினேன். தேர் சுற்றி வருகிற நேரத்தில் ஒரு பிள்ளை ஊதுவதற்கு வாயில் வைத்துவிட்டுத் துப்பியது. “அம்மா, கருவாட்டு நாத்தம் அடிக்குது!” அந்தச் சத்தம் பாண்டு வாத்தியத்தையும் மீறிக் கேட்டது. அப்புறம் கோயில் வளவு முழுக்க அதுதான் பேச்சு. கருவாட்டுப் பலூன்காரி என்று எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கபூர் நானா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, எல்லாவற்றையும் சாக்கில் கட்டித் திருப்பிக் கொடுத்தார். ஏசியிருந்தால் பரவாயில்லை.

நேற்று வெட்கத்தை விட்டு ஆபீசுக்குப் போனேன். பேர் இனி ஏறாதாம். வேண்டுமானால் அன்றன்றைக்குக் கூலி வாங்குகிற கைக்காசு வேலைக்கு வரலாமாம். இருபது வருசம் பால்வெட்டினவள், நேற்று வந்தவர்களோடு கைக்காசுக்கு நிற்க வேண்டும்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை அண்ணா. விடட்டுமா, பிடிக்கட்டுமா? நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைச் செய்கிறேன்.

மெட்டில்டா


நீலகந்தை,
20.08.1994

அண்ணனுக்கு, நாங்கள் சுகம், உங்கள் சுகம்தான் தெரியவில்லை.

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. என் மேல் கோபமா, கடிதம்தான் வழியில் போய்விட்டதா? நம் பள்ளிக்கூடத்து எஸ்தர் டீச்சர் இங்கிருந்து வேளாங்கண்ணித் திருநாளுக்கு அங்கே வருகிறார். செப்டம்பர் ஏழாம் திகதி கோயில் கொடிமரத்தடியில் நிற்பார். முடிந்தால் வந்து பாருங்கள். அச்சு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்.

நான் இன்னும் கைக்காசுக்குப் போகவில்லை.

மெட்டில்டா


05.09.1994
(எஸ்தர் டீச்சர் கைவசம்)

அன்புத் தங்கச்சிக்கு,

கோபம் எல்லாம் இல்லை. இங்கே வேலை நெருக்கடி. எழுத முடியவில்லை, அவ்வளவுதான்.

விடாதே. கருவாட்டுப் பலூன் என்று பிலோமினா வாசித்துக் காட்டினாள், நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் பயந்துவிட்டார்கள். மெட்டில்டா, நானாக இருந்தாலும் புகைக்கூடத்தில்தான் ஏற்றியிருப்பேன். நம் இரத்தத்திலேயே புகை இருக்கிறது. பலூனுக்குச் சூடு வேண்டும், புகை ஆகாது. நெருப்பை அறைக்கு வெளியே மூட்டு. தகரக் குழாயை அறைக்கு உள்ளே ஓடவிட்டு, அதன் மறுமுனையைக் கூரைக்கு மேலே விடு. புகை குழாயோடு போய்விடும், சூடு மட்டும் அறையில் நிற்கும்.

அச்சு இருபத்துநாலு அனுப்புகிறேன். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆகாது என்றால் அடுப்பில் போட்டுவிடு.

இருதயராஜ்


நீலகந்தை,
16.11.1994

என் தங்கமான அண்ணனுக்கு! நாங்கள் எல்லோரும் மிக மிகச் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்களை என்ன செய்தால் தகும்? பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு அச்சாவது நேராக இல்லை. ஒரு பக்கம் புடைத்திருக்கிறது, மறுபக்கம் சப்பை, நுனி வளைந்து கிடக்கிறது. ஒட்டகம் செதுக்கிய அண்ணனா இது, அவசரத்தில் கைபோன போக்கில் செய்துவிட்டாரே என்று நினைத்தேன். உங்கள் மச்சான்தான், “முக்கித்தான் பாரேன், பாலு கெட்டா போயிரும்?” என்றார். கையில் மஞ்சள் சாயம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. முக்கினோம். நீங்கள் சொன்னபடி குழாய் வைத்த அறையில் காயவைத்தோம். உரித்து ஊதினால், அண்ணா, மாம்பழம்! மூக்கு வளைந்த, கன்னம் உப்பின, அசல் மாம்பழம்! இப்போது நுனியை மட்டும் பச்சையில் ஒருமுறை தொட்டெடுக்கிறேன்.

சாக்கில் போட்டுக்கொண்டு கபூர் நானா கடைக்குப் போனேன். முதலில் மூக்கில் வைத்து மோந்து பார்த்தார், மனுசனுக்கு அந்தப் பயம் போகவில்லை. பிறகு ஊதினார். ஊதிவிட்டுக் கடைக்கு வெளியே வந்து கம்பத்தில் கட்டினார். தீபாவளிக்கு முந்தின சந்தையில் மதியத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. புளத்கொகுபிட்டியவிலிருந்தும் அரநாயக்கவிலிருந்தும் கடைக்காரர்கள் மாம்பழப் பலூன் எங்கே என்று கேட்டு வருகிறார்கள். உருண்டைப் பலூன் ஊரெல்லாம் இருக்கிறது, மாம்பழம் நம்மிடம் மட்டும்தான். லயத்திலிருந்து நான்கு பெண்கள் என்னிடம் வேலைக்கு நிற்கிறார்கள்.

இப்படி ஒரு யோசனை உங்களுக்கு எப்படி வந்தது? “கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்” என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி எழுதி என்னை ஏமாற்றினீர்களே!

இன்னொன்று. வேளாங்கண்ணிக்கு மதினி மட்டும்தான் வந்தார் என்று எஸ்தர் டீச்சர் சொல்கிறார். மதினி மெலிந்துபோய் இருக்கிறாராம், எதைக் கேட்டாலும் நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம் என்று மட்டும் சொன்னாராம். நீங்கள் ஏன் வரவில்லை?

மெட்டில்டா


புனலூர்,
20.12.1994

அன்புத் தங்கச்சிக்கும் மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் நத்தார் வாழ்த்து.

மாம்பழ யோசனை எல்லாம் தானாக வருவதுதான், அதற்கு எதற்கு இத்தனை புகழ்ச்சி. அச்சைச் செய்து எறிந்தது நான். அதில் மாம்பழத்தைப் பார்த்தது நீ. அடுப்பில் போடாமல் முக்கினாயே, அது பெரிது.

வேளாங்கண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை.

இருதயராஜ்


நீலகந்தை,
15.02.1995

பிரியமுள்ள அண்ணனுக்கு, நாங்கள் சுகம். உங்கள் கடிதம் வரவரச் சின்னதாகிறது, ஏன்?

போன வாரம் நானும் உங்கள் மச்சானும் புறக்கோட்டைக்கே போய்விட்டோம். வழியில் செக்பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். தமிழ் ஆள், கையில் பெரிய பொட்டலம், சும்மா விடுவார்களா? பலூன் என்று சிங்களத்தில் சொன்னேன், ஆமிக்காரன் நம்பவில்லை. “பும்பலா பென்னன்ன,” ஊதிக் காட்டு என்றான். பயத்தில் எனக்கு மூச்சே வரவில்லை. எப்படியோ ஊதினேன். மாம்பழத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. மகளுக்கு ஒன்று தருவீர்களா என்று கேட்டான். ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு வந்தோம்.

புறக்கோட்டை முதலாளி மே மாத வெசாக் பண்டிகைக்கு எடுக்கிறேன் என்கிறார். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய ஓடர் வந்ததில்லை. மாம்பழம் மட்டும்தான் வேண்டும், உருண்டை என்றால் வராதே என்று சொல்லிவிட்டார். உங்கள் அச்சில் பாதிக்கு மேல் சூட்டில் வெடித்துவிட்டது. தச்சரிடம் கொடுத்தேன், கடைசல் பட்டறையில் நேராகத்தான் வரும், இந்தக் கோணல் என் கைக்கு வராது என்று கையை விரித்துவிட்டார். நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். இன்னும் ஐம்பது அச்சு, ஏப்ரலுக்குள். இந்த ஓடர் போனால் நான் மறுபடியும் சந்தையில் தொங்கவிடுகிற பலூன்காரிதான்.

மெட்டில்டா


புனலூர்,
12.03.1995

அன்புள்ள மெட்டில்டாவுக்கு மதினி பிலோமினா எழுதிக்கொள்வது. டெனிஸ் அண்ணனையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

உன் கடிதத்தை அவர் நான்கு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். பதில் நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. இனிமேல் மறைக்க என்னால் முடியாது.

உன் அண்ணனுக்கு நெஞ்சில் காசநோய். அன்று பனிக்காலச் சளி என்று எழுதினாரே, அதுதான். போன வருசம் ஜூலையிலிருந்து டிசம்பர் வரைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். நீ அனுப்பிய முதல் பலூனை ஊதியது நான். அவருக்கு அகல்விளக்கை ஊதி அணைக்கிற மூச்சுகூட இல்லை. நான் ஊதினேன், அவர் பார்த்து உனக்குக் குறை எழுதினார்.

அச்சை அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் செதுக்கினார். கத்தியைப் பிடித்தால் கை நடுங்கும். ஒன்றுகூட நேராக வரவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்து, என் கை போச்சே பிலோமினா என்று அழுவார், அடுத்ததை எடுப்பார். கடைசியில் எல்லாவற்றையும் அடுப்பில் போடச் சொன்னார். நான்தான் சண்டை போட்டு வேளாங்கண்ணிக்கு எடுத்துப்போனேன். உன் நவம்பர்க் கடிதம் அவருக்கு ஆஸ்பத்திரியிலேயே வந்தது. மாம்பழம், மாம்பழம் என்று சொல்லிச் சிரித்தார், அன்றைக்குத்தான் ஒரு தட்டுச் சோறும் முழுதாகச் சாப்பிட்டார்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. “தெரிஞ்சா அந்தக் கழுத எல்லாத்தயும் வித்துட்டு இங்க வந்து நிக்கும்” என்றார். இப்போது நன்றாகத் தேறிவிட்டார், மாத்திரை முடியப்போகிறது. பயப்படாதே.

பிலோமினா


நீலகந்தை,
20.04.1995

அண்ணனுக்கு,

மதினியை ஏசாதீர்கள்.

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. உங்கள் மேல் அவ்வளவு கோபம். சொல்லியிருந்தால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்திருப்பேன்தான். அது தெரிந்துதான் மறைத்தீர்கள். நான் கோமாளி மாதிரி, எப்படி இந்த யோசனை வந்தது, எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் எழுந்து, வெடிக்காத அச்சில் மிக நன்றாக இருந்த ஒன்றைத் துணியில் சுற்றி அவிசாவளைக்கு எடுத்துப்போனேன். அங்கே அலுமினியம் வார்க்கிற பட்டறை இருக்கிறது. நீங்கள் படுக்கையில் கிடந்து மறுபடியும் கத்தி பிடிக்கக் கூடாது என்றுதான் போனேன். பட்டறைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது கோணலா இருக்கே அக்கா, நேராக்கி வார்த்துத் தரவா?” என்று கேட்டார். ஒரு நூலிழைகூட மாறக் கூடாது என்று சொல்லி, வார்த்து முடியும்வரை அங்கேயே நின்றேன். உங்கள் கை நடுங்கிய நடுக்கம் அப்படியே நூறு அச்சில் இருக்கிறது அண்ணா. இனி வெடிக்காது.

வெசாக் ஓடர் நேற்று லாரியில் ஏறியது. தோட்டத்துப் பால் லாரி போகிற அதே வளைவில்தான் போய் மறைந்தது. இந்தத் தடவை அது என்னவாகப் போகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது வேலைக்கு நிற்கிற எட்டுப் பெண்களும் நானும் பாதையில் நின்று கைதட்டினோம். பொடிமெனிக்கே அழுதார். கணக்கப்பிள்ளை சைக்கிளை நிறுத்தி, தன் மருமகளுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டார். பேர் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இதோடு ஒரு மாம்பழம் வைத்திருக்கிறேன். ஊத வேண்டாம், சும்மா வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்டில்டா


புனலூர்,
14.05.1995

அன்புத் தங்கச்சி மெட்டில்டாவுக்கு அண்ணன் ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம், வேண்டுமானால் மதினியைக் கேட்டுக்கொள்.

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே நீ கேட்ட அச்சைச் செதுக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு வாரம் பாடுபட்டேன். பத்துச் செய்தேன், பத்தும் நேராக வந்துவிட்டன. கை நடுக்கம் நின்றுவிட்டது மெட்டில்டா. வேண்டுமென்றே கோணலாகச் செதுக்கினால் புடலங்காய் மாதிரி வருகிறது, மாம்பழம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் செய்த மாதிரியே வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டும் செதுக்கிப் பார்த்தேன். பிலோமினா வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நீ வார்த்து வைத்தது நல்லதாகப் போயிற்று. அந்தக் கோணலை இனி என்னால் செய்ய முடியாது.

நீ அனுப்பிய மாம்பழத்தை நானே ஊதினேன். கன்னம் உப்பியது, மூக்கு வளைந்தது, போதும் போதும் என்று பிலோமினா கத்தினாள். எனக்கு நிறுத்த மனசு வரவில்லை. வெடித்துவிட்டது.

இன்னொன்று அனுப்பு.

அண்ணன்,
இருதயராஜ்